ஜனவரித் தாள்

ஆர்டிஸ் ட்வெட்டனிடம் நாற்பத்தாறு வருஷத்துக் காலண்டர்கள் இருந்தன. எல்லாம் தீவனக் கடையில் இலவசமாகக் கொடுத்தவை. எந்தப் பசு எப்போது கன்று போட்டது, எத்தனை அங்குலம் பனி, சர்ச் விருந்துக்கு யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒன்று விடாமல் கட்டத்துக்குள் எழுதியிருப்பாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் எழுதுவார்கள்தான். இவளுக்கு மட்டும் அதில் கொஞ்சம் தலைக்கனம். அதுதான் வினையாகப் போயிற்று.

கணவர் ஹால்வருக்கு மறதிநோய். ஒரு வருஷமாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். காப்பீடுதான் கட்டணத்தைக் கட்டுகிறது. அது நின்றால் அவரை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதுதான். முன்பு வீட்டில் இருந்தபோது பனியில் செருப்பில்லாமல் பால்பண்ணைக்குக் கிளம்பியவர்.

போன வாரம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மிஸஸ் ட்வெட்டன், பாலிசி எடுக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜனவரி பதினாலாம் தேதி, உங்க வீட்டுக்காரர் நரம்பு டாக்டரைப் பார்த்திருக்கார். அந்த டாக்டர் இப்ப உயிரோட இல்ல, குறிப்பும் கிடைக்கல. மறதி இருக்கான்னு படிவத்துல கேட்டதுக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கார்."

"அதுக்கு நாலு வருஷம் ஆச்சேம்மா!"

"ஆமா. ரெண்டு வருஷம் தாண்டினா, தப்பா எழுதினாருங்கறதுக்காக ரத்து பண்ண முடியாது. தெரிஞ்சே மறைச்சார்னு நாங்க நிரூபிக்கணும்."

"அவரா மறைப்பார்? மாடு விக்கறப்ப நொண்டிக்காலைத் தூக்கிக் காட்டுற மனுஷன்! அன்னிக்கு எங்க போனார்னு என் காலண்டர்ல இருக்கும். அனுப்பி வைக்கிறேன், நீங்களே பாருங்க."

"நல்லதாப் போச்சு. காத்திருக்கேன்."

அன்றே காலண்டர் பெட்டியை இறக்கினாள். பதினாலாம் தேதிக் கட்டத்தில் அவள் கையெழுத்து: 'ஹால்வர் டிராக்டர் சாமான் வாங்கப் போனார்.' வெற்றிச் சிரிப்போடு தாளைத் திருப்பினாள். மாதம் முடிந்த தாளை அவள் மறுபடி புரட்டுவதே இல்லை. அது அவருக்கும் தெரியும். பின்பக்கத்தில் பென்சிலில் ஹால்வரின் கோணல் எழுத்து, தனக்குத்தானே எழுதிக்கொண்டது:

'டாக்டர் மறதிநோய் என்கிறார். ஆர்டிஸிடம் சொல்லாதே. படிவத்தில் இல்லை என்று போடு.'

ஆர்டிஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே பாவி மனுஷன்!

மறுநாள் இல்லத்துக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவளை மரியாதையாகப் பார்த்தார்.

"நான்தான், ஆர்டிஸ்."

"அப்படியா? என் பெண்டாட்டி பேரும் அதுதான்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மறதி வந்துடுச்சுங்க. அவகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா. ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன், பாத்துக்கலாம்."

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து அந்த வருஷத்துக் காலண்டரை எடுத்துவந்து, அடுப்பில் விறகை நெருக்கிப் போட்டாள். பிறகு கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"அந்த வருஷத்துக் காலண்டர் மட்டும் எங்க போச்சுன்னே தெரியலம்மா."

வழக்கம்போலப் பேனாவை எடுத்துக்கொண்டு இந்த வருஷக் காலண்டர் முன் நின்றாள். 'பனி இரண்டு அங்குலம்' என்று எழுதினாள். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.