கேசட்டின் மூலையில் ஒட்டிய தாள்

அந்தக் கேசட்டைப் போட்டதும் கீச்சென்று கத்தியது. தகரத்தை ஆணியால் கீறுவதுபோல, நிற்காமல். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, யாரோ பதியத் தெரியாமல் கெடுத்துவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அந்தச் சத்தம்தான் ஒரு பெண்ணின் எட்டு மாத உழைப்பு என்பது எனக்குத் தெரியாது.

ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் நான் அப்போது கிளார்க். அந்தப் பெண் கணக்கு டீச்சர். தலைச்சோலையில் காபி பறிக்கிற குடும்பம், வேலை தற்காலிகம். மலையைவிட்டுப் போன எஸ்டேட் மானேஜர் ஒருவர் கொடுத்த சின்னக் கம்ப்யூட்டர் அவரிடம் இருந்தது. நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் எழுதியதையெல்லாம் சத்தமாக மாற்றி, சாதாரண டேப் ரெக்கார்டரில், பாட்டுக் கேசட்டில் பதிந்துவைப்பார். மறுபடி அதை ஓடவிட்டால் கம்ப்யூட்டர் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் எழுதியிருந்தது பள்ளிக்கான கால அட்டவணை போடும் புரோகிராம். அது ஓடினால் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கி அவரை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

பள்ளியின் டேப் ரெக்கார்டரும் கேசட்டுகளும் என் அறை அலமாரியில்தான் இருக்கும்; அந்தக் கேசட்டையும் அவர் அங்கேதான் வைத்திருந்தார். யாரும் அழித்துப் பதியக்கூடாதென்று அதன் மூலையிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஓட்டையை அடைத்துப் பதியாதவர் யார்? டிசம்பரில் பாடகர் குழு ஒத்திகைக்குக் கேசட் தேவைப்பட்டது. தபால்தலைத் தாளின் ஓரத்தில் பசையோடு வெள்ளையாக மிஞ்சுமே, ஆபீசில் எதைக் கிழித்தாலும் நான் அதைக் கொண்டுதான் ஒட்டுவேன். அதில் ஒரு துண்டை நாக்கில் தடவி ஒட்டினேன். கிறிஸ்துமஸ் பாட்டு முழுவதையும் அதில் பதிந்தோம்.

ஜனவரியில் தாளாளர் முன்னால் கேசட்டை ஓடவிட்டார் டீச்சர். திரையில் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, கம்ப்யூட்டருக்குப் போன ஒயரைப் பிடுங்கினார். டேப் ரெக்கார்டர் பாடியது. ஆர்மோனியத்தோடு எங்கள் குழு.

"ஏனுங்க டீச்சர், கம்ப்யூட்டர் வாங்கச் சொல்றீங்களா, ரேடியோ வாங்கச் சொல்றீங்களா?" என்றார் தாளாளர். அறையே சிரித்தது.

"நொம்ப நல்லாப் பாடுதுங்க, கொயருக்குச் சேத்துக்கலாம்" என்றார் தமிழாசிரியர்.

டீச்சர் கேசட்டை வெளியே எடுத்தார். மூலையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தத் தாள் யாரிடம் இருக்கும் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பயம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஒவ்வொரு ஜூனிலும் கால அட்டவணை போடுவது நான்தான். பதினைந்து நாள் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து போடுவேன். என்னை யாராவது பாராட்டினார்கள் என்றால் அதற்கு மட்டும்தான். அந்தப் பாட்டு ஒலித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை.

ஏப்ரலோடு அவரை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதும் வேலைக்குப் போனார். இன்று அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு கட்டடமே இருக்கிறது. வாசலில் தாளாளர் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆண்டுவிழாவில் எனக்கும் சால்வை போர்த்தினார்கள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம்தான் மஞ்சக்குட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அழித்தது நான்தான் என்றேன். அவர் முற்றத்தில் காயவைத்த மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்; கை நிற்கவில்லை.

"அழிஞ்சது பெருசில்லீங்க சார். ஊட்ல நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருந்தேன். ஒரு வாரம் குடுத்திருந்தா மறுபடி அடிச்சு ஓட்டிக் காட்டியிருப்பேன்."

"கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"கேட்டேனுங்க. அடுத்த நாளே தாளாளர்கிட்டப் போய்க் கேட்டேன். மெஷினே சரியில்லை, சாக்குச் சொல்றேன்னுட்டாரு. யாரோ அழிச்சுட்டாங்கன்னு சொன்னேன். யாருன்னு கேட்டாரு."

மிளகைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு அப்பத்தான் கல்யாணமாகியிருந்துச்சு. சொல்லலீங்க."