நியூயார்க்குக்கு ஒரு லீவ் லெட்டர்

அக்காவின் கல்யாணத்துக்காக எங்கள் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்தவர், மணிக்கொரு முறை ஏணியை விட்டு இறங்கிவிடுவார். பீடிக்காக இல்லை, டிவி செய்திக்காக. இலங்கையில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பெயின்டர் அண்ணன், அகதி முகாமிலிருந்து தினமும் பஸ் பிடித்து உத்திரமேரூருக்கு வேலைக்கு வருபவர். அவருடைய அம்மாவும் அண்ணனும் அங்கே கடலோரத்தில், பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு மணல்திட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வலயத்துக்குள்ளும் குண்டு விழுந்தது. அம்மாவால் நடக்க முடியாது.

செய்தியில் தினமும் அதே காட்சிதான். கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் விமானத்திலிருந்து இறங்குவார், கை குலுக்குவார், ஆழ்ந்த கவலை தெரிவிப்பார், மறுபடி ஏறிப் போய்விடுவார். அடுத்த நாள் வேறு நாடு, வேறு கோட்டு, அதே கவலை. இதற்காகச் சீரியலை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்குத்தான் முதலில் பொறுமை போனது.

“இன்னைக்கும் கவலதான் பட்டுக்கினு கீறாங்க. ஒரு கெழவிய இட்டாறத்துக்கு இத்தினி நாட்டுல ஒர்த்தனுக்கும் வக்கில்ல.”

“நம்ம ஏரி மதகு ஒடஞ்சப்ப வந்த ஆபீசரு மட்டும் இன்னா பண்ணாரு?” என்றார் நைனா. “ஜீப்புல வந்தாரு, கவலப்பட்டாரு, எளநி குடிச்சாரு, பூட்டாரு.”

பெயின்டர் அண்ணன் மறுபடி ஏணி ஏறுவார். கூடத்துச் சுவர் பாதி பச்சையும் பாதி பழைய அழுக்குமாக நின்றது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நைனா அவரைத் திட்ட மனசு வராமல், கையெட்டும் தூரத்தில் இருந்த என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். நியூயார்க்கில் எல்லா நாடுகளும் சேர்ந்து வைத்திருக்கும் சபைக்கு முகாமில் வீட்டுக்கு வீடு கடிதம் போடுகிறார்களாம். இங்கிலீஷில் எழுதித் தர யாராவது உண்டா?

“இன்னாப்பா இப்டி கேட்டுட்ட? எம் பையன் இங்கிலீஷ் மீடியம்!” என்றார் நைனா.

அத்தனை வருஷ இங்கிலீஷ் மீடியத்தில் நான் தேறிய ஒரே துறை லீவ் லெட்டர். அதில் மட்டும் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. காய்ச்சல், வயிற்றுவலி, பிறக்கவே பிறக்காத மாமாவின் கல்யாணம் என்று எதைப் போட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். வயிற்றுவலி வரும் இடத்தில் போரைப் போட்டு எழுதி முடித்தேன். வகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று வாசித்தும் காட்டினேன்.

“அர்த்தம் சொல்றா,” என்றார் நைனா.

சொன்னேன். மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊரில் கடுமையான போர் காரணமாக, போருக்கு மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சண்டைக்கு லீவு கேக்கறியா? மொதல்ல ஒனக்கு டீசி குடுக்கணும்டா! உசுரு போற வெசயத்துல பேஜார் பண்ணிக்கினு…”

“ஐயா, பிள்ளையைப் பேசாதேங்கோ,” என்றார் அண்ணன். அவரும் சிரிக்கவில்லை. “மூண்டு நாள் காணும், அதுவே போதும். மூண்டு நாள் சண்டை நிண்டா, என்ர அண்ணன் அம்மாவைச் சைக்கிளில இருத்தி உருட்டிக்கொண்டு வெளிய வந்திடுவான்.”

பாராட்டு கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பேனா மூடியை மறுபடி கழற்றினேன். மூன்று நாள் கேட்டால் ஒரு நாள்தான் கிடைக்கும் என்பது என் பள்ளிக்கூட அனுபவம்.

“அண்ணே, ஒரு மாசம்னு போட்டுடட்டா? கூட கேட்டாத்தான் கொஞ்சமாவது குடுப்பாங்க.”

“வேண்டாம் தம்பி.” அவசரமாகக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓரத்தில் பச்சை பெயின்ட் ஒட்டியது. “கூடக் கேட்டா ஒண்டும் தரமாட்டினம்.”

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறிவிட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உலகத்தையே கட்டி ஆளும் சபை, கேட்பதற்குக் காசா பணமா? அங்கே போய் வெறும் மூன்று நாள் கேட்கிறாரே, இவ்வளவு வயதாகியும் கேட்கத் தெரியாத மனுஷன் என்று அன்று சாயங்காலம் வரை அவரோடு நான் பேசவே இல்லை.