வெள்ளைப் பாதி, நீலப் பாதி

எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரியவளான பெண் பள்ளிக்கூடம் போவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. வெளியூரில் படித்த அண்ணன், பாதி கரைந்த வாட்டர்கலர் பெட்டியையும் இரண்டு பிரஷ்களையும் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவற்றை எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய சங்கரநாராயணர் காலண்டரைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன்.

ஒரே உடம்பில் வலப்பாதி திருநீறு பூசிய வெள்ளைச் சிவன், இடப்பாதி நீலப் பெருமாள். சொல்லித்தர ஆள் கிடையாது. பெட்டியில் வெள்ளை இல்லையே என்று சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்தது. காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுவே வெள்ளை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. நடுக்கோடுதான் பெரும்பாடு. சிவன் மேனியில் நிழலுக்குப் பூசிய வண்ணம் காய்வதற்குள் பக்கத்தில் நீலத்தை வைத்தால், நீலம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். ஐந்து படங்கள் அப்படிக் கெட்டன. பொறுமை என்பது என்னிடம் இல்லாத சரக்கு. ஆறாவது படத்தில், வெள்ளைப் பாதி காயட்டும் என்று எழுந்துபோய், வீட்டு அரிசி முழுவதையும் புடைத்துவிட்டு வந்து நீலத்தைத் தொட்டேன். கோடு நின்றது.

டிராயிங் பரீட்சை தேறினால் பெண்களுக்கும் பள்ளிக்கூட வேலை உண்டு என்று அண்ணன் சொல்லியிருந்தான். அப்பாவிடம் கேட்டேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஆடித்தபசு முடியட்டும். டிராயிங் மாஸ்டர்ட்ட காட்டுதேன். அவரு நல்லாருக்குன்னு சொன்னா எழுது.”

அதுவரை படத்தைத் தரையில் வைத்திருந்தேன். “சாமியக் கீழ போடாதட்டி, காலு பட்டுரும்” என்றாள் அம்மா. பூஜை அலமாரியில் சாய்த்து வைத்தேன். மறுநாள் காலையில் அதன் முன்னால் அம்மா கைகூப்பி நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. அன்றே எடுத்துப் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும்.

தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், வழக்கம்போல அம்மா சாமி படங்களை எல்லாம் ஈரத் துணியால் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மற்றவற்றுக்குக் கண்ணாடி இருந்தது. நான் கிணற்றடியிலிருந்து வந்தபோது, பெருமாளின் நீலம் சிவனின் நெஞ்சு வரை போயிருந்தது.

“துடைக்காம எப்படிட்டி பொட்டு வைக்க?” என்றாள் அம்மா. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தவள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ரெண்டு சாமியும் ஒண்ணாக் கலந்துட்டு பாரு.”

சாயங்காலத்துக்குள் தெருவே வந்து கும்பிட்டது. நான் அழுததைப் பக்தி என்றார்கள். இன்னொன்று வரைந்து தருகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

“சாமியே கைவச்சு முடிச்சுட்டாருல்லா. அதுக்கு மேல நீ என்னத்த வரையப் போற?”

பெட்டியும் பிரஷும் பரணுக்குப் போயின. டிராயிங் மாஸ்டர் பெயரை அதன்பின் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம். அந்தப் படத்துக்குச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, சீர்வரிசையோடு அனுப்பினார்கள்.

மாமியார் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அதை ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலையாயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது. அவ்வளவு நல்ல கண்ணாடி.