இம்பிர்

மார்த்தாண்டம் சந்தையில் இஞ்சி விற்கிறேன். எனக்க வீட்டுக்காரர் போலந்தில் இறைச்சிக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறார். ஒப்பந்தம் மார்கழியில் முடியும். வீட்டுக்கு வருவாரா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாரா, தெரியாது. கேட்டால் "பாப்போம்" என்பார்.

பேச்சுக் குறைவு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போனில் கூப்பிடுவார். சாப்பிட்டியா, மழை உண்டா. கல்யாணமாகிப் பதினாறு வருஷமும் பேச்சு அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அவரே தொடங்கினார்.

"ஏட்டி, இங்க இஞ்சிக்கு இம்பிர்னு பேரு. சாயாவுல அரிஞ்சு போடுவாவ."

"யாரு சொன்னது?"

"கூட வேலை செய்யுத பொம்பள. ஒரு சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுதது அவளுக்குக் கிறுக்கு."

அடுத்த ஞாயிறு, இம்பிர் ஜெர்மன்காரன் கொடுத்தது என்றார். அதற்கடுத்த வாரம், அவனுக்குப் பிரெஞ்சுக்காரன் வழியாக லத்தீன். பிறகு கிரேக்கம். சாப்பாட்டு நேரத்தில் ரெண்டுபேரும் உட்கார்ந்து பேசுவார்களாம். கொஞ்சம் இங்கிலீசு, மிச்சம் கையாட்டல்.

"அவ எப்பிடி இருப்பா?"

"நல்ல உயரம்."



சந்தையில் பக்கத்துக் கடைத் தேங்காய்க்காரியிடம் இதையெல்லாம் சொன்னது என் தப்பு.

"நீ ஏழாங்கிளாசு. அவளுக்கு எத்தன பாஷை! மாப்பிளைக்கு ட்யூசன் நல்லா நடக்கு மக்கா" என்று சிரித்தாள்.

கார்த்திகையில் வீடியோவில் வந்தார். அந்த ஞாயிறும் அவருக்கு வேலை. பக்கத்தில் அவள், கையுறையோடு.

"கண்டுபிடிச்சாச்சு! கிரேக்கத்துக்கு முன்ன பாலின்னு ஒரு பழைய பாஷை. அதுக்கும் அடியில இஞ்சி வேர்! நம்ம சொல்லு ஏட்டி!"

அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட.

"ஒருக்கா இஞ்சின்னு சொல்லு. ஒனக்க வாயால கேக்கணுமாம் அவளுக்கு."

தினமும் நூறு தடவை கூவுகிற சொல். வரவில்லை. வர விடவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கெழம போட்டேன்."

"எனக்கிட்ட சொல்லணும்னு தோணல்ல?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொல்லவில்லை. போனை அணைத்தேன்.