மழை நின்ற பிறகும் கேட்ட சத்தம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒரு வருடம் முந்தி, யாழ்ப்பாணப் பட்டணத்தில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு படக் கொட்டகையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வயதில் ஒரு மகள். கணவருக்குக் கண்டியில் உத்தியோகம். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். நான் உடுவிலில் அம்மா வீட்டில் இருந்தேன். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் படம் பார்ப்பது.

அந்தப் பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. பழைய படம் என்றால் வீட்டில் உள்ள இளசுகள் சிரிக்கிறார்கள். படத்துக்கு நாற்பது பாட்டாம், கதாநாயகன் காதலைச் சொல்வதும் சேவகனை அதட்டுவதும் ஒரே குரலிலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்து நடிகைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியும். இப்போது வருகிறவர்களுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது.

நான் சொல்லவந்த படத்தில் ஒரு ராணியைக் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். மழை கொட்டும். பிறகு நின்றுவிடும். அவள் ஒரு மரத்தடியில் நின்று மேலே பார்ப்பாள். வாத்தியம் இல்லை, வசனம் இல்லை. நான் மெல்ல முப்பது எண்ணி முடிக்கும்வரை அந்த முகம் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்த முப்பது எண்ணிக்கைக்காகவே படத்தை மூன்று தடவை பார்த்திருந்தேன். நாலாவது தடவை அண்ணையைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு சனிக்கிழமை பகல் காட்சிக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணை ஆண்கள் பக்கம் போய்விட்டார். பெண்களுக்கு ஒரு ஓரமாகக் கிடுகு மறைப்புக் கட்டி, தனி வாசலும் வைத்திருந்தார்கள். வாசலுக்குக் கதவு கிடையாது. மேலே கட்டித் தொங்கவிட்ட கனத்த கிடுகுத் தட்டிதான். வாசல்காரர் அதைத் தூக்கி, ஒரு தடியால் முண்டு கொடுத்து எங்களை உள்ளே விடுவார். எல்லோரும் போனதும் தட்டியை இறக்கி, வெளிப்பக்கம் குறுக்குமரம் போட்டுவிடுவார். ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவாம். அதை நல்ல ஏற்பாடு என்றே நானும் நினைத்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில், பட்டணத்தை அடுத்த கடற்கரையூரான கொழும்புத்துறைப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் சந்தையில் மீன் விற்றுவிட்டு, பனையோலைக் கடகப் பெட்டியோடு அப்படியே படத்துக்கு வந்துவிட்டாள். நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்தாள். கடகத்தைத் தன் காலடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்து யார் வருவார், யார் சாவார் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு படத்தைப் பாரும்" என்று அதட்டினார். மகள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

திரையில் மழை கொட்டியது. நின்றது. ராணி மேலே பார்த்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... மழைச் சத்தம் நிற்கவில்லை.

படபடவென்று மெல்லிய சத்தம். ஒரு தடவை விட்டு, மறுபடி படபட. இந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லையே என்று யோசித்தேன். மேலே பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், மின்சார எஞ்சினின் புகைக்குழாய் போகும் இடத்தில், கூரைக் கிடுகுக்குள் ஒரு சிவப்புப் பொட்டுத் தெரிந்தது. முதல்நாள் பெய்த மழையில் கிடுகு நனைந்திருந்ததால் அது சுவாலை விடாமல் கனன்றுகொண்டிருந்தது.

நெருப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்திலிருந்தவளிடம், "உதென்ன சத்தம்?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

"மழைதானே பெய்தது" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"மழை நிண்டிட்டுது. இதிலை சத்தமே இல்லை. நான் மூண்டு தரம் பாத்தனான். மேலை பாருங்கோ."

அவள் பார்த்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, மீன் மணக்கும் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதேங்கோ, தங்கச்சி. தோணிக்குள்ளை தண்ணி வந்தா ஒருத்தரும் எழும்பக்கூடாது. எல்லாரும் ஒண்டா எழும்பினா கவிண்டுபோம். வாசலும் பூட்டிக் கிடக்குது. குழந்தையள் மிதிபட்டே செத்துப்போகும்."

அந்தப் பக்கத்தில் நாற்பது பெண்களாவது இருந்திருப்போம். பாதிப் பேர் மடியில் குழந்தை. அவள் கடகத்திலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு, என்னையும் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அடிவேலியில் இரண்டு பனைமட்டைகளைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள். மெலிந்த ஒருத்தி தவழ்ந்து போகிற அளவுக்குத்தான் இடைவெளி வந்தது. நான் மெலிந்தவள்.

"போய் வாசலைத் திறவுங்கோ. பிள்ளையை என்னட்டைத் தாங்கோ."

நான் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். "இல்லை, இவளையும் கொண்டுபோறன்" என்றேன்.

"முழிச்சுக் கத்தினாளெண்டா எல்லாரும் திரும்பிப் பாப்பினம். தாங்கோ." அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம், எரிகிற கூரையின் கீழ், என் பிள்ளையை விட்டுவிட்டு நான் தவழ்ந்து வெளியே போனேன்.

வாசல்காரரைக் காணவில்லை, தேநீர் குடிக்கப் போயிருக்க வேண்டும். குறுக்குமரம் ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. ஊரில் உள்ள கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் தோளால் முட்டித் தள்ளினேன், கழன்று விழுந்தது. தட்டியைத் தூக்கினேன். முண்டு கொடுக்கிற தடியைக் காணவில்லை. தட்டியின் பாரம் முழுவதையும் தலையிலும் தோளிலும் தாங்கிக்கொண்டு நின்றேன். விட்டால் அது வாசலை அடைத்துக்கொண்டு விழும்.

முதலாவதாக ஒரு பெண் வந்தாள். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, முகம் வெளிறி, "எங்கை அவர்?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் முன்பக்கம் ஓடினாள். அடுத்து ஒருத்தி, கைக்குழந்தையோடு. அவளும், "எங்கை நிக்கிறார்?" என்றாள். மூன்றாவது ஆளிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. மீன்காரப் பெண் வரிசை வரிசையாகப் போய், ஒவ்வொருத்தியின் காதிலும், "உங்கடை மனுசன் வெளியிலை கூப்பிடுறார்" என்று, புருஷன்மாரைச் சாட்டாக வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தியும் சத்தம் போடவில்லை. படம் பார்க்க வந்தது பிழையாய்ப் போயிற்றோ என்ற பயத்தில் ஒவ்வொருத்தியாக எழும்பி வந்தார்கள். என்னை அதட்டிய அம்மாவும் வந்தார். "என்ரை மனுசன் செத்து ஆறு வருசமாச்சு. கூப்பிடுறாரெண்டாள், நானும் எழும்பி வந்திட்டன்" என்றார் குழம்பிப்போய். அவர் காதில் மட்டும் நெருப்பு என்று சொன்னேன். அவர் ஆண்களுக்குச் சொல்ல முன்பக்கம் விரைந்தார்.

பிள்ளையை மட்டும் காணவில்லை. தட்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே ஓடலாம் என்று பார்த்தேன். வருகிறவர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். கத்திக் கூப்பிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். தோள் மரத்துவிட்டது. இருபது பேர் வந்தார்கள், முப்பது பேர் வந்தார்கள், என் பிள்ளை வரவில்லை. அவள் ஏன் பிள்ளையோடு முதலில் வரவில்லை? பிள்ளையை எங்காவது போட்டுவிட்டாளா? கண்டபடி நினைத்தேன். அந்தச் சில நிமிடங்களில் பட்ட பயத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பிறகும் பட்டதில்லை.

அப்போது கூரை சுவாலைவிட்டுப் பிடித்தது. ஆண்கள் பக்கம் ஐயோ என்ற சத்தம் எழுந்தது. உள்ளே மிச்சமிருந்த ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாக வந்து வாசலில் மோதினார்கள். நான் விழப்பார்த்தேன், விழவில்லை. அவர்கள் போனபின் புகை மட்டும் வந்தது. நான் அழுதுகொண்டு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கடைசி ஆளாக அவள் குனிந்துகொண்டு வந்தாள். பிள்ளையின் முகத்தை, உள்ளே இருந்த குடிதண்ணீரில் நனைத்த சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். அவளுடைய தலைமயிர் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. நான் தட்டியை விட்டேன். பிள்ளை இருமி, வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

சற்று நேரத்தில் கூரை உள்ளே விழுந்தது. ஆண்கள் பக்கம் வாசல் அகலமாக இருந்ததால் எல்லோரும் தப்பிவிட்டார்கள், சிலருக்குத் தீக்காயம். அண்ணை சால்வை போன இடம் தெரியாமல் ஓடிவந்து எங்களைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நன்றி சொல்வதற்குப் பதிலாகச் சண்டை பிடித்தேன். "அக்கா, பிள்ளையோடை முதலே வந்திருக்கலாம்தானே? ஏன் கடைசிமட்டும் உள்ளுக்கை வைச்சிருந்தனீங்கள்?"

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"முதலே பிள்ளையைக் கொண்டந்து உங்கடை கையிலை தந்திருந்தா, உந்தத் தட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பியளோ, தங்கச்சி?"

அவள் கடகம் போய்விட்டதே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கொழும்புத்துறைப் பக்கம் நடந்தாள்.

நாற்பது பெண்களைக் காப்பாற்றியவள் என்று ஊரில் வெகுகாலம் என்னைப் புகழ்ந்தார்கள்; கணவரும் கண்டியில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏனென்றால் நின்றிருக்க மாட்டேன் என்பது எனக்கு அன்றே தெரியும், என்னைப் பார்த்த அரை மணி நேரத்திலேயே அவளுக்கும் அது தெரிந்திருந்தது.