உங்கள் உலாவியில் இந்தப் பக்கம் திறக்காது

அக்காவுக்குப் புற்றுநோய் என்று கனடாவிலிருந்து அத்தான் சொன்ன கையோடு அந்த நோயைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தேன். அதன் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி விளம்பரங்கள் வந்து நின்றன. அம்மாவுக்கு நாங்கள் நோயைச் சொல்லியிருக்கவில்லை. அவர் என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதான் மடிக்கணினியில் நாடகம் பார்ப்பார். அதனால் எல்லோரும் பாவிக்கும் உலாவியை அழித்துவிட்டு, விளம்பரங்களைத் தடுக்கும், அதிகம் பேர் அறியாத ஒன்றைப் போட்டேன்.

விளம்பரங்கள் நின்றன. கூடவே வங்கியின் பக்கமும் நின்றது. மின்சாரக் கட்டணம் கட்டும் பக்கத்தில் பொத்தானே தெரியவில்லை. களுவாஞ்சிகுடிக்குப் போய் வரிசையில் நின்று கட்டினேன். அதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அக்கா மாரிகாலத்தில் இறந்தார். விசா எடுத்துப் போக நேரமிருக்கவில்லை. இறுதிக் கிரியையை நேரலையில் பார்க்கலாம் என்று அத்தான் இணைப்பை அனுப்பினார். அங்கே காலை, இங்கே செட்டிபாளையத்தில் பொழுதுபட்டு மழை பிடித்திருந்தது. அம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, மடிக்கணினிக்கு முன்னால் வந்து இருந்தார்.

இணைப்பை அமத்தினேன். உங்கள் உலாவி பழையது, புதுப்பிக்கவும் என்றது பக்கம். பொய். அந்த வாரம்தான் புதுப்பித்திருந்தேன். அந்தப் பக்கத்துக்கு என் உலாவியைத் தெரியாது, அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் போய், என் உலாவியைத் தான் வேறொரு உலாவி என்று அந்தப் பக்கத்திடம் பொய்ப்பெயர் சொல்ல வைத்தேன். இப்போது அக்காவின் சிரித்த படம் வந்தது. அதன் கீழே மலர்வளையம் அனுப்பும் பொத்தான். அதில் கை பட்டதும் ஒரு குறையுமில்லாமல் கடனட்டை இலக்கத்தைக் கேட்டது. நேரலை வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிள்ளைய எப்ப மனே காட்டுவாங்க?"

"இரிங்கம்மா, இப்ப வந்திரும்."

பழைய உலாவியைத் திரும்ப இறக்கப் பார்த்தேன். மழைக்கு இணையம் ஊர்ந்தது. என்னிடமிருந்தது பேச மட்டும் உதவும் சின்னப் போன். கடைசியில் நனைந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடி, அங்கிருந்த ரீச்சரைக் கூட்டி வந்தேன். அவருடைய போனில் ஒரே தட்டில் திறந்தது. மண்டபம் தெரிந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "பிள்ள எங்க?"

"கொண்டு போயித்தாங்க போல, மாமி" என்றார் ரீச்சர்.

மறுநாள் அந்த இறுதிச்சடங்கு நிறுவனத்துக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. தாங்கள் ஆதரிக்கும் உலாவிகள் எவை என்று சொல்லி, அவற்றில் ஒன்றைப் பாவிக்கும்படி கேட்டிருந்தார்கள். பதிவு ஒரு மாதத்துக்கு இருக்குமாம். அவர்கள் சொன்னதையே போட்டுத் திறந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் குசினியை விட்டு வரவில்லை. எரித்த பிறகு என்னத்தைப் பார்க்கிறது என்றார்.

தனியே இருந்து பார்த்தேன். பாதியில் அக்காவின் மகள் எழும்பி கமராவுக்குக் கிட்ட வந்தாள். அவளுக்குத் தமிழ் சரளமில்லை. "அம்மம்மா, அம்மாவ வடிவாப் பாருங்க" என்று சொல்லி, பெட்டியில் அக்காவின் முகம் தெரியும்படி விலகி நின்றாள். அப்படியே கொஞ்ச நேரம் காத்து நின்றாள்.

இதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.