தோரியத்தின் மேல் போட்ட பழி

இங்கே கனடாவில் தினமும் வேலை முடிந்ததும் ஓர் இயந்திரத்தின் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டி நிற்க வேண்டும். தோரியம் என்னும் கதிர்வீச்சு உலோகம் கையில் ஒட்டவில்லை என்று அது ஒப்புக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். ராஜபாளையத்தில் என் அப்பா நூற்பாலையிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு அப்படியே வந்து என்னைத் தூக்குவார். நானோ, இயந்திரம் விட்ட பிறகும் இன்னொரு முறை சோப்புப் போட்டுவிட்டுத்தான் என் மகனைத் தொடுவேன். ஆறு வயதாகியும் அவன் பேசவில்லை. ஆட்டிசம் என்றார்கள். அந்த உலோகத்தைக் கரைத்துப் பிரிக்கும் என் வேலைதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, ஊருக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மரபணு ஆராய்ச்சி செய்யும் ஒரு மருத்துவரிடம் போனோம். கணவன் மனைவிக்குள் ரத்த உறவு உண்டா என்று கேட்டார். "என் அக்கா மகள்" என்றேன். கேள்வியே எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோதனை முடிவு வந்தபோது சிரிப்பு போய்விட்டது. மகனுக்கு ஃப்ராஜைல் எக்ஸ் என்றொரு மரபணுக் குறை. சொந்தத்தில் கட்டியதாலும் இல்லை, தோரியத்தாலும் இல்லை. என் மனைவி செல்வி வழியாக, அவளுக்கே தெரியாமல் வந்தது. சிகிச்சைக்கு ஆராய்ச்சி நடக்கிறது, மருந்து இன்னும் இல்லை. செல்வியின் தங்கைக்கும் இருக்கலாம், பிள்ளை பெறுவதற்கு முன் அவள் ரத்தம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். என் மேல் தப்பில்லை என்றதும் முதலில் வந்தது நிம்மதிதான். பக்கத்தில் செல்வி அழுதுகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

செல்வியின் அந்தத் தங்கை மீனாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அம்மாவான என் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏலே, இப்பப் போயி ரத்தம் கித்தம்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனப்பாவ? நீ பொழங்குத அந்த உலோகத்தாலதான்னு ஊரே நம்புது. அம்புட்டோட இருக்கட்டும்."

"மீனாகிட்டயாவது சொல்லுக்கா."

"கல்யாணம் முடியட்டும். பொறவு பாப்போம்."

மருத்துவரைக் கேட்டால், அது மீனாவின் ரத்தம், அவளிடம் சொல்லிவிடு என்பார். எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணின் ரத்தம் வீட்டுக்கே சொந்தம். சொன்னால் அவள் வாழ்க்கை கெடுமா, சொல்லாவிட்டால் கெடுமா என்று விமானத்தில் வழி முழுக்கக் குழம்பினேன். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது.

மணமேடைக்கு நான்தான் மீனாவை அழைத்துப் போனேன்.

"என்ன மாமா, உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எதிரே அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கனடாக் குளிரு பழகிப்போச்சும்மா" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனாவும் சிரித்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தாள்.